காட்சியும் சாட்சியும்: செயற்கை நுண்ணறிவு விளம்பரக் காணொளிகளும் வன்னி நிலமும்

1

விளம்பரத்தை விமர்சனத்துக்குரிய ஓர் ஆக்கமாகக் கருதும் வழக்கம் தமிழில் இன்னும் நன்கு வேரூன்றவில்லை. கவிதையையும் நாவலையும் நாடகத்தையும் சமூகப் பின்னணியில் வைத்து ஆராயும் நாம், அவை யாவற்றினும் மிகுதியான மக்களை நாள்தோறும் சென்றடையும் விளம்பரத்தை வணிகத்தின் பாற்பட்டது என்று ஒதுக்கிவிடுகின்றோம். ஆங்கிலத் திறனாய்வாளர் றேமண்ட் வில்லியம்ஸ் 1960இல் எழுதிய கட்டுரையொன்றில் விளம்பரத்தை ஒரு மாயவித்தை முறைமையாக நோக்கினார். நவீன சமூகம் அளவுக்கு மிஞ்சிய பொருட்பற்றுக் கொண்டது என்ற பொதுக் கூற்றை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. உண்மையில் அத்தகைய பற்று இருக்குமாயின் பொருளின் பயன் ஒன்றே வாங்குவோருக்குப் போதியதாயிருக்கும். பொருளோடு அந்தஸ்தையும் இளமையையும் சேர்த்து விற்கவேண்டிய அவசியம் எழுந்திராது என்பது அவரது வாதத்தின் சாரம்.

இம்மாயவித்தைக்கு அண்மையிற் புதியதொரு கருவி வாய்த்துள்ளது. சில வரிகளில் எழுதிக் கொடுக்கும் விவரணத்தைக் கொண்டு அசையும் படத்தை ஆக்கித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே அவை. ஓப்பின் ஏஐ நிறுவனம் 2024 பெப்ரவரியிற் சோராவை அறிவித்தது. 2025 மே மாதத்தில் வெளிவந்த கூகிளின் வியோ 3, படத்தோடு பேச்சையும் ஓசையையும் ஒருங்கே ஆக்கவல்லதாய் அமைந்தது. ஒளிப்பதிவாளரும் நடிகரும் படப்பிடிப்புத் தளமும் இல்லாமலே விளம்பரக் காணொளி ஒன்றை ஆக்கி, முகநூல், யூடியூப், டிக்டொக், வட்ஸ்அப் என்பவற்றினூடாகப் பரப்புதல் இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவருக்கும் இயலுவதாயிற்று. கொழும்பின் பெருநிறுவனத்துக்கு எட்டும் இவ்வசதி, கொள்கையளவிற் கிளிநொச்சிச் சந்தையின் அரிசி வியாபாரிக்கும் எட்டுகின்றது.

இப்புதிய வடிவத்தின் இயல்பு யாது, வன்னிப் பெருநிலப்பரப்பு போன்றதொரு பிரதேசத்தில் அது கொள்ளும் சமூக அர்த்தம் யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கருவியை வியத்தலோ பழித்தலோ விமர்சனமாகாது. அதனைக் கையாளும் உறவுகளும் அது மக்களின் பார்வைப் பழக்கத்தில் ஏற்படுத்தும் மாற்றங்களுமே நமது கவனத்துக்குரியன.

2

சிறுவணிகர்களின் பெயரால் இத்தொழில்நுட்பம் பெருமளவிற் கையாளப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு இந்தியாவிலே காணப்படுகின்றது. 2021ஆம் ஆண்டுத் தீபாவளியையொட்டி மொண்டலேஸ் நிறுவனம் தனது கட்பரி இனிப்புப் பண்டங்களுக்காக ஒரு விளம்பரத்தை வெளியிட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் நலிவுற்ற அயற்கடைகளில் பொருள் வாங்குமாறு நடிகர் ஷாருக் கான் அதிலே மக்களைக் கேட்டுக்கொள்வார். கடைக்காரர் எவரும் தமது கடையின் பெயரை இணையத்திற் பதிந்தால், நடிகர் அக்கடையின் பெயரையே சொல்லுவதுபோன்ற காணொளி ஒன்று கிடைக்கும். அவர் அப்பெயர்களைச் சொன்னவரல்லர். அவருடைய முகத்தையும் குரலையும் கொண்டு இயந்திரம் அவ்வாறு சொல்ல வைத்தது. 2022இல் கான் விளம்பர விழாவிலும் இம்முயற்சி உயர் விருதொன்றைப் பெற்றது.

இதன் கவர்ச்சியை மறுத்தல் நேர்மையாகாது. ஒரு சிற்றூர்க் கடைக்காரர் தம் வாழ்நாளில் எட்டமுடியாத நடிகரின் வாயாற் தம் கடையின் பெயர் உச்சரிக்கப்படக் கேட்பது மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும் இவ்வுறவினைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒவ்வொரு கடைக்காரரும் தமது வாடிக்கையாளருக்கு அக்காணொளியை அனுப்பும்போது, தம் கடையை மட்டுமன்றி அந்த இனிப்பையும் ஊதியமின்றி விளம்பரஞ் செய்கின்றார். அயல் என்னும் உறவே, அதாவது கடைக்காரருக்கும் வாங்குவோருக்கும் இடையே ஆண்டுகள் பலவாக வளர்ந்த அறிமுகமே, இங்கு விநியோக வழியாக்கப்படுகின்றது. எல்லாருக்கும் உரியதுபோலத் தோன்றும் முகம், ஒரே வார்ப்பில் எண்ணற்ற கடைகளுக்கு அளிக்கப்பட்ட முகமே. தனித்துவம் என்று கடைக்காரர் பெற்றது, பெயர் இடும் வெற்றிடம் ஒன்றினை மட்டுமேயாகும்.

ஷாருக் கான் தமது உருவைப் பயன்படுத்த இசைந்தவர். இசைவு தர இயலாதோரின் உருவமும் பின்னர் மேடையேறலாயிற்று. 2024 ஜனவரியிற் சேலத்தில் நடைபெற்ற தி.மு.க. இளைஞர் அணி மாநாட்டில், 2018இல் மறைந்த மு. கருணாநிதி உரையாற்றுவதாகச் செயற்கை நுண்ணறிவுக் காணொளி ஒன்று திரையிடப்பட்டது. அது ஆக்கப்பட்டதொன்று என்பது அங்கிருந்தோர் அறிந்ததே. எனினும் மறைந்தவரின் வாயில் வாழ்வோரின் அரசியலை இடும் உரிமை யாருடையது என்ற வினா எஞ்சிநிற்கின்றது. அரசியலிலும் சந்தைப்படுத்தல் நிகழ்கின்றது என்பதனை நாம் அறிவோம். இனிப்பை விற்பதற்கும் தலைமையின் தொடர்ச்சியை விற்பதற்கும் ஒரே கருவி பயன்படுவது தற்செயலன்று.

3

இவ்வடிவத்தின் அழகியலை விளங்கிக்கொள்வதற்கு அது ஆக்கப்படும் முறையை ஓரளவேனும் அறிதல் அவசியம். விவரணங்களோடு கூடிய எண்ணிறந்த படங்களையும் காணொளிகளையும் கொண்டு இக்கருவிகள் பயிற்றப்படுகின்றன. ஒழுங்கற்ற புள்ளிகளிலிருந்து தொடங்கி, கொடுக்கப்பட்ட சொற்களுக்குப் பெரிதும் பொருந்தக்கூடிய தோற்றத்தை அவை படிப்படியாகத் தெளிவித்துத் தருகின்றன. எனவே அவற்றின் விளைபொருள் கண்ட ஒன்றின் பதிவு அன்று. முன்னர் பதிவானவற்றின் சராசரிக்கு அணித்தான ஒரு தோற்றமே. 1995ஆம் ஆண்டின் தனது நத்தார் விளம்பரத்தைக் கொக்கா கோலா நிறுவனம் 2024இற் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மீள ஆக்கியபோது, அதில் உயிரில்லை என்று மேலைநாட்டுப் பார்வையாளர் பலர் குறைகூறினர். உயிரின்மை என்று அவர்கள் உணர்ந்தது இச்சராசரித் தன்மையையே எனலாம்.

ஆக்கும் முறையோடு பரப்பும் முறையும் சேர்த்து நோக்கப்படவேண்டும். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் வெளியான தமது ஆங்கில நூலிலே தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்பு சாதனமாக ஆராய்ந்தவர். சாதிப் படிநிலை கோலோச்சிய சமூகத்தில், தமிழர் யாவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்க்கக் கிடைத்த முதல் ஆற்றுகை மையம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்றிக் கட்டணமே என்றும் அவர் எடுத்துக்காட்டினார். சமூக ஊடகம் இதற்கு நேர்மாறான திசையிற் செல்கின்றது. பார்வையாளர் ஒவ்வொருவரும் தனித்திருந்தே பார்க்கின்றனர். யார் எதனைக் காணவேண்டும் என்பதை நிறுவனத்தின் கணிப்புமுறை தீர்மானிக்கின்றது. ஒரே பொருளுக்கு இளைஞனுக்கு ஒரு காணொளியும் அவன் தாய்க்கு வேறொரு காணொளியும் செலவின்றி ஆக்கலாம். தாம் கண்டதைப் பிறரும் கண்டனர் என்ற உறுதியே இல்லாதவிடத்து, விளம்பரத்தைக் கூடிநின்று ஐயுறும் வாய்ப்பும் குன்றிவிடுகின்றது.

ஊடகந்தோறும் வடிவம் வேறுபடுவதும் குறிப்பிடத்தக்கது. டிக்டொக்கில் நிமிர்ந்த சட்டமும் முதலிரு கணங்களிற் கண்ணைப் பிணிக்கும் அதிர்ச்சியும் வேண்டப்படுகின்றன. முகநூலிற் பலர் ஒலியை அடைத்துப் பார்ப்பதால் திரையில் எழுத்து இன்றியமையாததாகின்றது. யூடியூப்பில் நீண்ட விவரணத்துக்கு இடமுண்டு. வட்ஸ்அப்பிலோ விளம்பரம் உறவினர் ஒருவரின் கையாலேயே வந்துசேர்கின்றது. அனுப்பியவரின் நம்பகம் காணொளியின் நம்பகமாக மாறிவிடுகின்றது. டிக்டொக்கும் யூடியூப்பும் மெய்போலத் தோன்றும் செயற்கைக் காணொளிகளுக்கு அடையாளக் குறிப்பு இடவேண்டும் என விதித்துள்ளன. ஆனால் ஓரிடத்தில் இட்ட குறிப்பு, காணொளி தரவிறக்கப்பட்டு வட்ஸ்அப் குழுக்களிற் பகிரப்படும்போது பெரும்பாலும் உடன்செல்வதில்லை. கோப்பினுள் பொதிந்துள்ள மூலத் தகவல்களும் இப்பயணத்தில் உதிர்ந்துவிடுகின்றன. ஒரு காணொளி எத்துணை ஊடகங்களைக் கடக்கின்றதோ, அத்துணை அதன் பிறப்பு மறைகின்றது.

4

இத்தகைய கருவியிடம் வன்னி விவசாயி ஒருவரின் காட்சியைக் கேட்டால் கிடைப்பது யாது? பசுமை குன்றாத வயல், தலைப்பாகை கட்டிய முதியவர், வெண்பற்கள் தெரியும் புன்னகை, பொன்னிற மாலை ஒளி ஆகியவையே. இது வங்காளமாகவும் இருக்கலாம், தஞ்சாவூராகவும் இருக்கலாம். வன்னியின் வயல் ஆண்டு முழுவதும் பசியதன்று. காலபோகம் மழையை நம்பியது. சிறுபோகம் குளத்து நீரை நம்பியது. இரணைமடுவின் கீழ் எத்தனை ஏக்கரிற் சிறுபோகம் செய்யலாம் என்பதும் எவ்வளவு பங்கு யாருக்கு என்பதும் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே தீர்மானிக்கப்படுவன. நீரின் அளவும் பங்கீட்டின் வாதப்பிரதிவாதமும் இல்லாத வயல், உழைப்பை நீக்கிவிட்டு எஞ்சிய அலங்காரமே.

வன்னியின் முகம் ஒன்றன்று என்பதும் மனங்கொளத்தக்கது. பழைய வன்னிக் கிராமங்களின் குடிகளோடு, குடியேற்றத் திட்டங்கள் வழியாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோரும் உளர். 1977 கலவரத்தையொட்டித் தோட்டங்களை விட்டு வந்து காடு திருத்திய மலையக மக்களும் உளர். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் பின்னர் மீண்டுவந்த முல்லைத்தீவு முஸ்லிம்களும், வவுனியாவின் சிங்களக் கிராமத்தவரும் இந்நிலத்துக்கு உரியவர்களே. முல்லைத்தீவுக் கரையிற் கரைவலை இழுப்போரும், ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் இளம் பெண்களும், குடும்பத் தலைமையைத் தனித்துச் சுமக்கும் தாய்மாரும் இன்றைய வன்னியர். சராசரி முகம் இவர்களுள் எவருடையதுமன்று. எல்லாரையும் குறிப்பதாகச் சொல்லிக்கொண்டு எவரையும் குறிக்காத முகத்தை விளம்பரம் உழைப்பாளியின் இடத்தில் அமர்த்துகின்றது. அரிசியை விளைவித்தவருக்குக் கிட்டாத இடம், விளைவிக்காத தோற்றத்துக்குக் கிட்டுகின்றது.

மொழியிலும் இதுவே நிகழ்கின்றது. செயற்கைக் குரல்களின் தமிழ் பெரும்பாலும் தமிழ்நாட்டு ஒலிபரப்புத் தமிழைத் தழுவியே அமைகின்றது. "வாங்கோ, இருந்து கதைப்பம்" என்று கடைவாசலில் அழைக்கும் மக்களுக்கு, அவர்களது கடையின் பெயராலேயே வேறொரு நாட்டின் பேச்சு ஒலிக்கின்றது. கருவி ஆக்கும் படத்திற் பெயர்ப்பலகையின் தமிழ் எழுத்துகள் சிதைந்து காணப்படுவதும் பலகாலும் காணக்கூடியதே. இவை காலப்போக்கிற் திருந்தக்கூடிய குறைகளே. ஆயின் எம்மொழியினர் பெரும் சந்தையாக இருக்கின்றனரோ அம்மொழியிலேயே திருத்தம் முதலில் நிகழும் என்பது முதலாளித்துவத்தின் இயல்பு.

5

மேற்கூறியன எந்தச் சிறுபான்மைப் பிரதேசத்துக்கும் ஓரளவு பொருந்துவன. வன்னிக்கே உரிய பிரச்சினை இன்னும் ஆழமானது.

2009 ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி, கைகள் கட்டப்பட்டவர்கள் சுட்டுக்கொல்லப்படும் காட்சி கொண்ட காணொளி ஒன்றினை ஒளிபரப்பியது. அது பொய்யாகப் புனையப்பட்டது என்பது இலங்கை அரசாங்கத்தின் நிலைப்பாடாக இருந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் மூன்று சுயாதீன நிபுணர்களைக் கொண்டு அதனை ஆராய்வித்தார். அது உண்மையானதென்றே அவர்களின் ஆய்வு வலுவாகச் சுட்டுவதாக 2010 ஜனவரியில் அவர் அறிவித்தார். அவரது பின்னவரான கிறிஸ்ரோவ் ஹைன்ஸ், 2011இல் அதன் நீண்ட வடிவத்தையும் ஆராய்ந்து, உண்மையானதே என்ற முடிவுக்கு வந்தார். இன்றைய கருவிகள் எவையும் இல்லாத காலத்திலேயே, ஒரு காணொளி மெய்யென நிறுவுவதற்குத் தடயவியலாளரும் ஒளிப்பட ஆய்வாளரும் மாதக்கணக்காக உழைக்கவேண்டியிருந்தது.

காணொளி ஒன்று மெய்யா பொய்யா என்னும் வினா இந்நிலத்து மக்களுக்கு வெறும் பொழுதுபோக்கன்று. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆந் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்தில், தாய்மார் கைகளில் ஏந்தியிருந்தவை தம் பிள்ளைகளின் நிழற்படங்களே. ஒருவர் இருந்தார் என்பதற்கும், அவர் இன்னார் கையில் ஒப்படைக்கப்பட்டார் என்பதற்கும் அவர்கள் வசம் எஞ்சியிருப்பவை நினைவும் சில படங்களுமே. இங்கே காட்சி என்பது சாட்சி. இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள உறவு அறுமாயின் அவர்கள் வழக்குரைப்பதற்கு நிலைக்களம் இல்லாமற் போகும்.

அமெரிக்கச் சட்டவியலாளரான பொபி செஸ்னியும் டானியெல் சிற்றனும் இவ்வாபத்தினைப் பொய்யருக்குக் கிட்டும் இலாபம் என்று விளக்கியுள்ளனர். செயற்கைக் காணொளிகள் மலியும் சமூகத்திற் பொய்யை நம்புவதனால் மட்டும் கேடு விளைவதில்லை. உண்மையான காணொளியைக் காட்டி, இதுவும் செயற்கையே என்று குற்றமிழைத்தவன் தப்பித்துக்கொள்ளவும் வழி பிறக்கின்றது. இவ்வகை ஐயம் வன்னியை ஏற்கனவே எட்டிவிட்டது. 2023 நவம்பர் 27 அன்று, விடுதலைப் புலிகளின் தலைவருடைய மகள் என அறிமுகப்படுத்தப்பட்ட பெண் ஒருவரின் உரை இணையவழியே வெளியானது. அது செயற்கை நுண்ணறிவின் ஆக்கம் என்று சிலரும் ஆள்மாறாட்டம் என்று வேறு சிலரும் வாதிட்டனர். இழப்பின் நினைவுநாளன்று மக்கள் ஒரு முகத்தின் இமையையும் உதட்டசைவையும் உற்று நோக்கிப் பிழை தேடவேண்டியவராயினர்.

அரிசி விளம்பரத்துக்கும் இதற்கும் தொடர்பு யாதெனச் சிலர் வினவக்கூடும். தொடர்பு பார்வைப் பழக்கத்திலே உள்ளது. மனிதர் நாள்தோறும் மிகுதியாகக் காணும் அசையும் படம் விளம்பரமே. படத்தில் தோன்றும் எவரும் அங்கே இருந்தவரல்லர் என்ற எடுகோளை நாளொன்றுக்குப் பலமுறை கண்ணுக்குப் பழக்கிவிட்டால், இருந்தவரின் படத்தையும் அக்கண் அவ்வாறே நோக்கும். விளம்பரக்காரர் எவரையும் ஏமாற்ற எண்ணாதிருக்கலாம். ஆயினும் காணொளியின் மீதுள்ள பொது நம்பிக்கையை அவர் செலவிடுகின்றார். அந்நம்பிக்கை அவருடைய தனியுடைமையன்று.

6

அவ்வாறாயின் சிறுவணிகர் இக்கருவியைத் தொடவே கூடாதா? அவ்வாறு கூறுதல் நகர்ப்புறத்து அறிவாளிகளுக்கு எளிதாயிருக்கலாம். ஒளிப்பதிவுக் குழுவை அமர்த்தும் வசதி பெருநிறுவனத்துக்கு எப்போதும் உண்டு. பனம்பொருள் செய்து விற்கும் பெண்ணுக்கு அது என்றுமே இருந்ததில்லை. மறுபுறம், இக்கருவிகளின் கட்டணமும் காணொளியைப் பரப்புவதற்கு ஊடக நிறுவனங்கள் அறவிடும் பணமும் டொலர் கணக்கில் அமைவன. 2022இன் நெருக்கடியில் டொலர் ஒன்று சில வாரங்களிலே ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு உயர்ந்ததை நாம் அனுபவித்தோம். இலவசமாகத் தோன்றும் வசதி, கிராமத்தின் சிறு இலாபத்திற் தொலைதூர நிறுவனத்துக்குச் செல்லும் வாடகையாகவும் மாறலாம்.

சட்டத்தால் மட்டும் இதனைச் சீர்செய்துவிடலாம் என்பதும் பேதைமையாகும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாங்குவோரைத் தவறாக வழிநடத்தும் வணிக நடத்தையைத் தடைசெய்கின்றது. இல்லாத தோட்டத்தையும் இல்லாத உழவரையும் காட்டிப் பொருள் விற்பது அதன் வரம்புக்குட்படும் என வாதிடலாம். ஆனால் எது உண்மை எனத் தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை முழுதாக அரசிடம் ஒப்படைப்பதன் ஆபத்தை, மெய்யான காணொளி பொய்யென மறுக்கப்பட்ட வரலாறுடைய மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அளவுகோல் ஒன்றினை நமது கலை மரபிலிருந்தே பெறலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. முல்லைத்தீவுப் பிரதேசம் கோவலன் கூத்துக்குப் பேர்போனது. அங்கே கோவலனாக ஆடுபவர் அயல்வீட்டுக்காரர் என்பதைச் சபையோர் அறிவர். கட்டியங்கூறிப் பாத்திரத்தின் வரவை அறிவித்த பின்னரே ஆட்டம் தொடங்கும். வேடம் தன்னை வேடமென்று அறிவித்துக்கொள்வதனாலேயே கண்ணகியின் துயரில் மக்கள் முழுமையாக ஈடுபட முடிகின்றது. வரைந்த பெயர்ப்பலகையும் இவ்வாறே. பலகையில் எழுதிய மாம்பழம் தன்னை மாம்பழத்தின் நிழற்படம் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆகவே புனைவு குற்றமன்று. தான் புனைவென்பதை மறைத்து, இருந்ததன் பதிவாக வேடமிடுவதே குற்றம்.

இவ்வடிப்படையிற் சில வரையறைகளை வகுக்கலாம். பேசும் யானையையும் பறக்கும் அரிசி மூட்டையையும் செயற்கை நுண்ணறிவு தாராளமாக ஆக்கட்டும், எவரும் ஏமாறப்போவதில்லை. உழைப்பாளியின் முகம், விளைந்த நிலம், பொருளைப் பயன்படுத்தியவரின் கூற்று ஆகியவை மெய்யான மனிதரையும் மெய்யான இடத்தையும் கொண்டே காட்டப்படுதல் வேண்டும். கைத்தொலைபேசியிற் தெளிவின்றி எடுத்த படமாயினும், பனையோலை பின்னும் கையின் காட்சி இயந்திரத்தின் பொன்னொளியினும் பெறுமதி வாய்ந்தது. கட்டியங்கூறும் குறிப்பு ஊடகத்தின் மேலடையாளமாக மட்டும் நில்லாது, காணொளி எங்கு சென்றாலும் உடன்செல்லும் வண்ணம் படத்தினுள்ளேயே தமிழிற் பொறிக்கப்படவேண்டும். இறந்தோரின் உருவும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உருவும் எப்பொருளின் விற்பனைக்கும் எக்கட்சியின் பிரசாரத்துக்கும் உரியவையல்ல. இவற்றைத் தனித்தனிக் கடைக்காரரின் மனச்சாட்சிக்கு விட்டுவிடாது, கூட்டுறவுச் சங்கங்களும் வர்த்தகர் சங்கங்களும் பொது ஒழுக்கமாக ஏற்பது அவசியம். பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் விளம்பரத்தை வாசிக்கக் கற்பிப்பது நமது துறையினரின் கடமையாகும்.

குளத்து நீர் பொதுச்சொத்து. தன் வயலுக்கென ஒருவர் மிகையாகத் திறந்துவிட்டால், முதலிற் காய்வது வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ளவரின் வயலே. காட்சியின்மீது மக்கள் கொண்ட நம்பிக்கையும் அத்தகையதே. அது வற்றும்போது விளம்பரக்காரருக்கு வேறொரு உத்தி கிடைக்கும். நிழற்படத்தை ஏந்தி நிற்கும் தாய்க்கு வேறெதுவும் கிடையாது.